யாழ்நூல் அருளிய விபுலாநந்த அடிகள்

சவளக்கடை வயல்வெளியினின்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் கல்முனையை அடைவர். அங்கிருந்து கடலை இடப்புறமாகக் கொண்டு தெற்கே நடப்பின், கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்னும் முஸ்லிம் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றுக்கு அடுத்துள்ளது காரைதீவு. பள்ளிவாசற் பாங்கொலியும் கோயில் மணியொலியும் ஒரே கடற்காற்றில் வந்து கலக்கும் இக்கரையிலே, சைவரும் முஸ்லிம்களும் பேசும் மொழி தமிழ் ஒன்றே. இரு சாராரும் உழுவதும் மேற்கேயுள்ள ஒரே வயற்பரப்பையே. காரைதீவின் நடுவே கண்ணகையம்மன் கோயில் இருக்கின்றது. ஆண்டுதோறும் வைகாசித் திங்களில் அங்கே கதவு திறந்து, குளிர்த்திச் சடங்கு நிகழும். அந்நாட்களிற் கண்ணகி வழக்குரை காதையை ஊரவர் கூடியிருந்து பாடக் கேட்பர். ஏட்டிற் கிடந்த சிலப்பதிகாரம் அச்சேறுமுன்னரே, அக்கதை பாட்டாக வாழ்ந்த ஊர்களுள் இதுவும் ஒன்றாகும்.

இவ்வூரிலே 1892 ஆம் ஆண்டு சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் புதல்வராகத் தோன்றியவரே, பிற்காலத்தில் விபுலாநந்த அடிகள் என உலகறிந்த பெரியார். மயில்வாகனன் என்பது பெற்றோர் இட்ட பெயர். அவர் பிறந்த அதே 1892 ஆம் ஆண்டிலேதான் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை உரையோடு முழுமையாக அச்சிட்டு வெளிப்படுத்தினார்கள். அந்நூலின் அரங்கேற்று காதையிற் பொதிந்து கிடந்த இசைப்பொருளைத் தேடுவதிலே தம் வாழ்நாளின் பிற்பாதியைச் செலவிடப்போகும் ஒருவர், அந்நூல் அச்சேறிய ஆண்டிலேயே கண்ணகி கோயிலூரிற் பிறந்தமை நினைக்குந்தோறும் வியப்பைத் தருவதாம்.

இளமையில் ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடத்தில் எழுத்தறிவு பெற்ற மயில்வாகனனார், பின்னர்க் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலங் கற்றார். கணிதமும் அறிவியலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் பரீட்சையிலே தேறி, கற்ற கல்லூரியிலேயே ஆசிரியராக அமர்ந்தார். அதன்பின் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், தென்கோவைக் கந்தையபிள்ளையவர்களிடம் பழந்தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். பகலில் ஆங்கில வழியாக அறிவியலும், ஒழிந்த வேளையில் ஆசிரியர் வாய்வழியாகத் தொல்காப்பியமும் சங்கநூலும் என்று அவர் கல்வி இருகரை தழுவி ஓடும் ஆறுபோல வளர்ந்தது.

அவ்விரு கரையும் ஒன்றுகூடிய ஆண்டு 1916 என்று சொல்லலாம். அவ்வாண்டிலே அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் அறிவியற் பரீட்சையிலே தேறிச் சான்றிதழ் பெற்றார்; மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் அவ்வாண்டே தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகத் தேறியவர் அவரே என்பர். ஒரே மனிதர் ஓராண்டிலே சோதனைச்சாலையின் தராசையும் பண்டிதரின் ஏட்டையும் ஒருங்கே கையாள வல்லவரானமை, பின்னர் யாழ்நூல் தோன்றுதற்குக் காரணமாயிற்று. யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே அறிவியல் ஆசிரியராயிருந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி. எஸ்ஸி. பட்டத்தையும் பெற்று, 1920 ஆம் ஆண்டிலே மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியரானார்.

உயர்ந்த பதவியும் ஊதியமும் கைகூடிய அந்நிலையிலே அவர் துறவை நாடினார். 1922 ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து, பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்று, அம்மடத்தின் இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் இதழ்களை நடத்தும் பணியில் ஈடுபட்டார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று சுவாமி சிவாநந்தரிடம் ஞானோபதேசம் பெற்று விபுலாநந்தரானார். அடுத்த ஆண்டு ஈழத்துக்கு மீண்டு, மட்டக்களப்பு, திருக்கோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளைப் பேணி வளர்த்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயம் 1929 ஆம் ஆண்டு அவரால் எழுந்தது. காவி உடுத்த பின்னரும் அவர் ஆசிரியத் தொழிலை விட்டாரல்லர் என்பதை ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது.

இனி, அவர் இசையாராய்ச்சியிற் புகுந்த காலத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். முதலாம் உலகப்போர் முடிந்த 1918 ஆம் ஆண்டுக்கும் இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939 ஆம் ஆண்டுக்கும் இடையே தமிழ்நாட்டின் இசையுலகம் பெரிதும் மாறிற்று. கோயிலிலும் அரசவையிலும் வாழ்ந்த இசை, நுழைவுச்சீட்டுப் பெற்று அமரும் சபைகளுக்கு வந்து சேர்ந்தது. வர்ணத்திலே தொடங்கி, கீர்த்தனங்கள் பலவற்றைப் பாடி, நடுவே இராக ஆலாபனமும் பல்லவியும் அமைத்து, சிறு உருப்படிகளோடு முடிக்கும் கச்சேரிமுறை அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரால் நிலைபெற்றது. 1927 ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய காங்கிரசு மகாசபையை ஒட்டி நிகழ்ந்த சங்கீத மகாநாட்டின் பயனாகச் சங்கீத வித்துவ சபை 1928 இல் தோன்றிற்று. சிதம்பரத்திலே அண்ணாமலைச் செட்டியாரவர்கள் 1929 இல் இசைக் கல்லூரி நிறுவினார்கள். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், பாபநாசம் சிவன் முதலியோர் புதிய சாகித்தியங்களை இயற்றினர். எனினும், மேடைகளிலே பெரும்பாலும் ஒலித்தவை தெலுங்குக் கீர்த்தனங்களே. தமிழ்ப்பாட்டு இறுதியிற் பாடும் துக்கடாவாக ஒதுங்கி நின்றது. இக்குறையை நீக்க எழுந்த முயற்சி 1941 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கூடிய தமிழிசை மாநாடாகவும், 1943 இல் சென்னையில் அமைந்த தமிழிசைச் சங்கமாகவும் உருப்பெற்றது.

மேடையிற் பாடத் தமிழ்ப்பாட்டு வேண்டும் என்பது அவ்வியக்கத்தாரின் கோரிக்கை. அடிகளார் அதனை மறுத்தாரல்லர். ஆயினும், அவர் உள்ளத்தில் எழுந்த வினா அதனினும் ஆழமானது. பாட்டின் சொல் தமிழாயிருத்தல் ஒன்று. பாட்டின் பண் எவ்வாறு அமைந்தது என்று அறிதல் மற்றொன்று. பழந்தமிழர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகளுக்குப் பெயரிட்டு வழங்கினர். அப்பெயர்கள் எவ்வெவ் வொலிகளைக் குறித்தன? யாழ் என்று நூல்கள் போற்றும் கருவி எத்தகையது? தேவாரத்துப் பதிகத் தலைப்பிலே அச்சிட்டுள்ள பண்ணின் பெயர் வெறும் பெயர்தானோ, அன்றிப் பாடத்தக்க உருவமுடையதோ? இவ்வினாக்களுக்கு விடை சொல்வார் அக்காலத்தில் அரியராயினர். யாழ் என்றால் வீணையே என்று பலர் எண்ணியிருந்தனர்.

அடிகளார் முதலில் நாடகத்தமிழில் முயன்றார். மதங்க சூளாமணி என்னும் அவரது நூல் 1926 ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது. சேக்சுபியரின் நாடகங்களையும், வடமொழித் தசரூபகத்தையும், சிலப்பதிகாரத்து நாடகப் பொருளையும் அது ஒருங்கே ஆராய்வது. அம்முயற்சியிலே அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் நுணுகிப் படித்தபோது, இசைப்பகுதி விளங்காமல் நாடகப்பகுதி முற்றும் விளங்காது என்று கண்டார். 1931 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தமை அவருக்கு நல்வாய்ப்பாயிற்று. ஒருபுறம் இசைக் கல்லூரியும், மற்றொருபுறம் தேவாரம் ஓதும் தில்லைத் திருக்கோயிலும் அணிமையில் இருந்தன. அந்நாட்களிலும் மாலைவேளையில் திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்தார். பேராசிரியர் பதவியை 1933 இல் விடுத்து ஈழத்துக்கு மீண்ட பின்னரும் யாழாராய்ச்சி அவரை விடவில்லை.

அவருடைய ஆராய்ச்சி முறையை ஒருவாறு விளக்குதல் ஆசிரியர்க்குப் பயன்படும் என்று கருதுகின்றோம். பழைய உரைகள், குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று ஏழு நரம்புக்கும் அலகு வகுக்கின்றன. கூட்டினால் 22 அலகு வரும். தாரத்தில் உழை பிறக்கும், உழையிற் குரல் பிறக்கும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியிற் கைக்கிளையும் பிறக்கும் என்றும் அந்நூல்கள் கூறும். பண்டிதர் ஒருவர் இதனை மனப்பாடம் செய்து அமைவர். அறிவியல் கற்றவரோ இச்சூத்திரத்தின் பக்கமே செல்லார். இரண்டுங் கற்ற அடிகளார், இது கணக்கு என்று கண்டுகொண்டார். ஒரு நரம்பிற் பிறக்கும் மற்றொரு நரம்பு என்பது, முன்னதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொண்ட நரம்பின் ஒலியே. இக்காலத்தார் சட்ஜ பஞ்சம பாவம் என்பது அதுவே.

இதனை நாமே சோதித்துப் பார்க்கலாம். 36 அங்குல நீளமுள்ள கம்பி ஒன்றை இறுகக் கட்டி மீட்டும்போது எழும் ஒலியைக் குரல் எனக் கொள்வோம். அதே கம்பியை 24 அங்குலத்தில் அழுத்தி மீட்டினால் இளி ஒலிக்கும். 24 இன் மூன்றில் இரண்டு பங்கு 16. அது மேல்தானத்துத் துத்தம். அதனை இரட்டித்து 32 அங்குலமாக்கினால், அதே துத்தம் கீழ்த்தானத்தில் வரும். 27 அங்குலத்தில் உழை பிறக்கும். ஏனெனில், 27 இன் மூன்றில் இரண்டு பங்கு 18. அது 36 இன் பாதியாகிய மேற்குரல். இவ்வாறே மற்றை நரம்புகளும் கிடைக்கும். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உரைப்பகுதி ஒன்று கம்பியிலே பேசத் தொடங்குவதைக் காணும் மாணாக்கன், தமிழ்நூல் பொய்யுரையன்று என்பதைத் தன் செவியாலேயே அறிவான்.

இவ்வேழு நரம்பையும் முறையே அடுக்கினால் வருவதே செம்பாலை. அடிகளாரின் கணக்குப்படி அஃது இக்காலத்து அரிகாம்போதி மேளத்தோடு ஒக்கும். குரல் நின்ற இடத்திலே மற்றொரு நரம்பை வைத்து, அதனையே முதலாகக் கொண்டு தொடங்கினால் வேறொரு பாலை பிறக்கும். உழை குரலாயின் அரும்பாலையாம், அது சங்கராபரணம். இளி குரலாயின் கோடிப்பாலையாம்; அது கரகரப்பிரியை. தாரம் குரலாயின் மேற்செம்பாலையாம், அது கல்யாணி. ஆகவே, சபையிலே நாம் கேட்கும் பெரிய இராகங்கள் சில, பெயர்மாறி நிற்கும் பழம்பாலைகளே என்பது தெளிவாகின்றது. இத்திரிபுகளை விரித்துரைப்பதே யாழ்நூலின் பாலைத்திரிபியல்.

தமிழிசையாராய்ச்சியில் அடிகளார் முதல்வருமல்லர், தனியருமல்லர். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917 ஆம் ஆண்டிலேயே கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு இத்துறைக்கு வழிதிறந்தார். பண்டிதர் ஒரு தானத்துக்குச் சுருதி 24 என்று சமமாகப் பங்கிட்டார்; செம்பாலையைச் சங்கராபரணம் என்றார். அடிகளார் 22 அலகே கொண்டு வேறு முடிவுக்கு வந்தார். ஒரே சிலப்பதிகாரத்தைக் கற்ற இருவர் இவ்வாறு வேறுபட்டமை இழுக்கன்று. பொருள் எத்துணை ஆழத்திற் புதைந்து கிடந்தது என்பதையே அது காட்டும். பின்வந்த இசையறிஞர் பலர் அடிகளாரின் செம்பாலை முடிவைத் தழுவியுள்ளனராயினும், ஏனையவற்றில் ஆராய்ச்சி இன்னும் முடிந்துவிடவில்லை.

யாழின் வடிவையும் அவர் ஆராய்ந்தார். யாழ் வீணையன்று. வீணையில் ஒரு நரம்பை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல ஒலிகளைப் பெறுகின்றோம். யாழிலோ ஒவ்வொரு நரம்பும் ஓரொலியே தரும். வில்லுப்போல் வளைந்த கோட்டிலே நரம்புகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். இத்தகைய கருவி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இரு போர்களுக்கும் இடையே, 1922 முதல் 1934 வரை, ஈராக்கு நாட்டின் ஊர் என்னும் பழம்பதியை அகழ்ந்தோர், பல்லாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட யாழ்வகைகளை மண்ணிலிருந்து எடுத்தனர். பர்மாவிலே சவுங் எனப்படும் வளைந்த யாழ் இன்றளவும் வாசிக்கப்படுகின்றது. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று தமிழ்நூல்கள் பேசும் வகைகளின் உறுப்பையும் நரம்பையும் யாழுறுப்பியலில் அடிகளார் வரையறுத்தார்.

அத்தகைய யாழ் தமிழகத்தில் ஏன் மறைந்தது? அசைவும் குழைவும் நிறைந்த மிடற்றிசையை, ஓரொலியே தரும் நரம்பு பின்தொடர மாட்டாமை ஒரு காரணமாகும். திருத்தருமபுரத்திலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாடிய பதிகம் யாழில் அடங்காமற்போக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் உளம் நொந்து கருவியை உடைக்கத் துணிந்தார் என்றும், பிள்ளையார் தடுத்தருளினார் என்றும் பெரிய புராணம் கூறும் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கின்றோம். பத்தியுரையாக மட்டும் அதனைச் சொல்லி விடுகின்றோம். யாழின் ஆற்றலுக்கு எல்லை கண்ட ஓர் இசைச் செய்தியும் அதனுள் அடங்கியிருப்பதை, யாழ்நூலை அறிந்தபின்னரே நாம் உணர்கின்றோம்.

சைவர்க்கு இந்நூல் செய்த பேருதவி தேவாரவியல் என்னும் பகுதியாகும். பண் என்பது நரம்பமைப்பு. கட்டளை என்பது பதிக அடிகளின் எழுத்தும் சீரும் தாளத்தோடு பொருந்தும் அமைப்பு. இரண்டையும் அடிகளார் சேர்த்து ஆராய்ந்தார். கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் தமிழ்ப்பொழில் இதழில், முதல் திருமுறையின் முதற்பண்ணாகிய நட்டபாடையின் எட்டுக் கட்டளைகளைப் பற்றித் தனிக்கட்டுரையே வரைந்தார். ஓதுவார் மரபின் செவிவழிச் செல்வமும், நூலின் கணக்கும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதே அவர் கருத்தென்பது அவ்வாராய்ச்சியாற் புலனாகும்.

இப்பெருநூலுக்கு அவர் கொடுத்த காலம் 14 ஆண்டு என்பர். அக்காலம் முழுதும் அவர் ஓரிடத்தில் அமைதியாக இருந்து எழுதினாரல்லர். பாடசாலைகளின் கணக்கும் கட்டிடமும் அவர் தலைமேல் இருந்தன. போர் தொடங்கியபின், இமயச்சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழுக்கு ஆசிரியராயிருந்தார். அங்கும் யாழ்க்கணக்கு அவருடன் சென்றது. 1943 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் நீருக்குள்ளிருந்து எழும் இன்னொலியை மீன் பாடுவதென்று நம்மவர் கதை சொல்லி மகிழ்வர். அடிகளாரோ, தோணியிற் சென்று அவ்வொலியைச் செவிசாய்த்துக் கேட்டு, நீரரமகளிர் பாடலாக அதனைத் தம் நூலிலும் சேர்த்தார். பிறந்த மண்ணின் ஒலி எதனையும் அவர் இகழ்ந்து தள்ளவில்லை.

நூல் நிறைவெய்துங் காலத்தில் அவர் உடல் நலிந்தது. நோயும் வாதமும் கைகாலைத் தளர்த்தின. எனினும், பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக 7 இயல் கொண்ட யாழ்நூல் கரந்தைத் தமிழ்ச்சங்க வெளியீடாக முற்றுப்பெற்றது. 1947 ஆம் ஆண்டு சூன் மாதம் 5, 6 ஆந் தேதிகளில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அது அரங்கேறிற்று. ஆற்றுப்பெருக்கிலே ஓடம் செல்லச் சம்பந்தப் பிள்ளையார் பதிகம் பாடிய தலம் அது. தளர்ந்த உடலோடு அடிகளார் அங்கு எழுந்தருளியிருக்க, அவர் கணக்கின்படி செய்யப்பெற்ற கருவிகள் ஊர்வலமாக வந்தன. ஒன்றரைத் திங்கள் நிறைவதற்குள், சூலை மாதம் 19 ஆந் தேதி, கொழும்பிலே அவர் இறைவனடி சேர்ந்தார். ஆண்டு 55. திருவுடல் கல்லடி உப்போடைக்குக் கொணரப்பட்டுச் சிவாநந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பெற்றது. தாம் எழுப்பிய பாடசாலையிலேயே அவர் துயில்கொள்வது பொருத்தமானதே.

இன்று அவர் பெயர் நம்மிடையே குறைவின்றி விளங்குகின்றது. சிலைகள் நிற்கின்றன, வீதிகளும் பாடசாலைகளும் அவர் பெயரைத் தாங்குகின்றன, கல்லடியில் அவர் பெயரால் அமைந்த கலைக்கழகத்தில் இசையும் நடனமும் பயிற்றப்படுகின்றன. ஆண்டு தவறாமல் மாலை சூட்டுகின்றோம். ஆயினும், மாலை சூட்டும் நம்முள் யாழ்நூலைத் திறந்து பார்த்தோர் எத்துணைபேர்? தேவாரப் பாடத்திலே பதிகத்தின் மேல் அச்சிட்ட பண்ணின் பெயரை வாய்விட்டு வாசித்துவிட்டு, அதன் உருவை அறியாமலே ஒரே மெட்டிற் பாடப் பழக்கும் குற்றம் நம்மில் எவரிடத்தும் இல்லையா? பிறரைச் சுட்டி இதனை எழுதினோமல்லோம். யாமும் அவ்வாறு படிப்பித்தவரே.

யாழ்நூல் எளிய நூலன்று. முழுவதையும் ஒரே மூச்சிற் கற்றல் யார்க்கும் இயலாது. தொடங்கும் வழி எளிதே. ஒரு பலகை, ஒரு கம்பி, ஓர் அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டு, 36, 32, 27, 24 என்னும் அளவுகளில் மாணாக்கர் செவியைத் திறப்போம். பின்னர், பண்முறை தவறாது ஓதவல்ல ஓதுவார் ஒருவரை அழைத்து, ஒரு பண்ணிலேனும் ஒரு பதிகத்தைச் செவ்வனே பயிற்றுவோம். காரைதீவிலே பிறந்த ஓர் ஆசிரியர், தம் பள்ளியின் கணக்கையும் ஊரின் பாட்டையும் நூலின் சூத்திரத்தையும் ஒன்றாக்கி, அறுந்த நரம்பை மீளக் கட்டினார். கட்டிய நரம்பை மீட்டுதல் நம் கடன். அதனைச் செய்யின், ஆண்டுவிழா மாலையினும் உயர்ந்த வழிபாடு அதுவாகும்.